வெந்த தோலும் கடத்தும் நாளும்

தீக்காயம் பட்டவரைக் கண்டால், "மருந்து போட்டால் ஆறிவிடும்" என்று தேற்றுவது நம்மவர் வழக்கம். மேல்தோல் மட்டும் வெந்திருந்தால் அது சரி. தோல் முழுக்கனமும் வெந்து போனால் அது தானாக முளைக்காது. பால்வெட்டும் தோழருக்கு இதை விளக்கவும் வேண்டுமோ? அளவாகச் சீவிய பட்டை மீண்டும் வளரும். கத்தி ஆழமாக இறங்கி மரத்தைத் தொட்டுவிட்டால் முண்டும் வடுவுமே மிஞ்சும்.

ஆழமாக வெந்த இடத்தில் நோயாளியின் சொந்தத் தோலை வேறிடத்திலிருந்து மெல்லியதாக எடுத்து ஒட்டுவதே தக்க வைத்தியம். பிறர் தோல் தற்காலிகப் போர்வைதான். சில வாரங்களில் உடம்பு அதைத் தள்ளிவிடும்.

முன்னாளில், செத்த தோல் தானே கழன்று விழும்வரை வாரக்கணக்கில் காத்திருந்து, பிறகே புதுத்தோல் ஒட்டினார்கள். அந்தக் காத்திருப்பில் சீழ் பிடித்து மாண்டவர் பலர். அன்றைய யுகோஸ்லாவியாவில், மாரிபோர் நகர ஆஸ்பத்திரியில் பணியாற்றிய சோரா யான்செகோவிச் என்னும் பெண் டாக்டர் இதை மாற்றினார். காயம்பட்ட சில நாட்களுக்குள்ளேயே செத்த தோலைப் படலம் படலமாகச் சீவினார். ரத்தம் கசியும் உயிருள்ள பகுதி தெரிந்ததும் நிறுத்தி, அப்போதே தோலை ஒட்டினார். 1970-ல் அவர் வெளியிட்ட இம்முறை உலகெங்கும் பரவியது.

தோழர்களே! இதில் நமக்குள்ள பாடம் ஒன்றே: நாளைக் கடத்தாதீர்கள். பாலை உறைய வைக்கும் ஆசிட் பட்டாலும், அடுப்புத் தீ சுட்டாலும், உடனே 20 நிமிடம் குழாய் நீரில் காட்டுங்கள். பற்பசையும் கிச்சாப்பும் பூச வேண்டாம். ஆழமான காயத்துக்குத் தோட்டத்திலேயே கட்டுப் போட்டு ஆளை லயத்தில் கிடத்துவது வைத்தியமாகாது. அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வண்டி கொடுப்பது நிர்வாகத்தின் கடமை. கேட்டு வாங்குவது நம் உரிமை.

ஒட்டிய தோல் பிடிக்க நாளாகும். வடு இறுகிக் கைகால் மடங்காதிருக்க மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். அதுவரை அடுப்பு எரிய வேண்டாமா? வேலையில் நேர்ந்த விபத்துக்கு 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி சொக்சோ உதவித்தொகை உண்டு. விபத்தை 48 மணி நேரத்துக்குள் முதலாளி தெரிவிக்க வேண்டும். கிராணிமார்களே, அந்தத் தாள் உங்கள் மேசையில் உறங்கக் கூடாது. டாக்டரின் கத்தி தோலைக் காக்கும். உங்கள் பேனா குடும்பத்தைக் காக்கும்.