பூவுக்கு ஆயுள் ஆறு நொடி

பெரியப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு ஐந்து நிமிட வீடியோ ஒன்று வேண்டும் என்று அண்ணன் சொல்லிவிட்டான். மண்டபத்தில் பெரிய திரை வைத்து ஓட்டப் போகிறார்களாம். ஒரு காலத்தில் டிவி சேனலில் டைட்டில் கார்டு செய்து வயிற்றைக் கழுவியவன் என்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பழைய போட்டோக்களைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு தெருமுனை ஸ்டூடியோவுக்குப் போனேன்.

எடிட்டர் தம்பிக்கு இருபத்து மூன்று வயது இருக்கும். படங்களைக் கோத்து முடித்தவன், "அண்ணே, பூவைப் போட்டு விட்ருவோமா? வெறும் போட்டோவா ஓடுனா மொட்டையா இருக்கும்ணே" என்றான். நான் வாய் திறப்பதற்குள், ஓரத்துப் பட்டியலிலிருந்து எதையோ இழுத்துப் பெரியப்பாவின் மேல் விட்டான். ரோஜா இதழ்கள் பொழிய ஆரம்பித்தன.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த இதழ்களை எனக்குத் தெரியும். என் கல்யாண வீடியோவில் மாலை மாற்றும்போது விழுந்தவை. நட்டநடுவில் மூன்று இதழ் ஒன்றாக இறங்கும், நான்காவது கொஞ்சம் பிந்தி வலப்பக்கமாகச் சுழலும். அதே வரிசை, அதே சுழற்சி. தங்கை வளைகாப்பிலும் அவைதான், வார்டு கவுன்சிலர் பிறந்தநாளிலும் அவைதான். இப்போது பெரியப்பாவுக்கும்.

மோஷன் கிராஃபிக்ஸ் மென்பொருள் எதைத் திறந்தாலும் இப்படி ஒரு கையிருப்பு இருக்கும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் 'எஃபெக்ட்ஸ் அண்ட் பிரீசெட்ஸ்', ஆப்பிளின் மோஷனில் 'லைப்ரரி'. மழை, பனி, புகை, தீப்பொறி, துள்ளி வரும் எழுத்து என்று அடுக்கி வைத்திருப்பார்கள். சேனலில் ஏழரை மணிச் செய்திக்கு ஏழு இருபதுக்கு டைட்டில் கேட்பார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் லைப்ரரிதான் குலதெய்வம். ரெடிமேட் என்று அதை இளக்காரமாகப் பேசுகிறவர்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்ததில்லை.

ஆனால் அதிலுள்ள ஒவ்வொரு எஃபெக்டும் யாரோ ஒருவர் தன் தலைவலிக்கு அரைத்துப் போட்ட சுக்குப் பற்று. 1982இல் வந்த 'ஸ்டார் டிரெக் 2: தி ராத் ஆஃப் கான்' படத்தில், செத்துக் கிடக்கும் கோள் ஒன்றின் மேல் நெருப்பு பரவி அதற்கு உயிர் கொடுப்பதாக ஒரு காட்சி. அதைச் செய்தது லூகாஸ்ஃபிலிமின் கணினிப் பிரிவு. பிற்பாடு பிக்ஸார் ஆனது அதுதான். நெருப்புக்கு ஓரமும் கிடையாது, உருவமும் கிடையாது. எப்படி வரைவது? அங்கிருந்த வில்லியம் ரீவ்ஸ் வரைவதையே விட்டுவிட்டார். ஆயிரக்கணக்கான புள்ளிகளை ஏவிவிட்டார். ஒவ்வொன்றும் பிறக்கும், கொஞ்ச தூரம் பறக்கும், நிறம் மாறும், செத்துப்போகும். 1983இல் அந்த முறையைக் கட்டுரையாகவும் எழுதினார். மண்டபத்துத் திரைகளில் விழுகிற பூவெல்லாம் அந்த நெருப்பின் பேரப்பிள்ளைகள்.

அதே 1982இல் வந்த 'டிரான்' படத்தில் வேலை பார்த்த கென் பெர்லினுக்கு வேறு தலைவலி. கணினி தரும் படம் எல்லாம் மொழுமொழுவென்று இயந்திரம் கக்கியது போல இருந்தது. இயற்கையில் இருக்கும் சொரசொரப்புக்கு அவர் ஒரு கணக்குக் கண்டுபிடித்தார். அதற்கு 1997இல் அகாடமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. லென்ஸ் ஃபிளேர் கதை இன்னும் வேடிக்கை. எதிர்வெயிலில் லென்ஸுக்குள் ஒளி சிதறுவதை ஒளிப்பதிவாளர்கள் கையால் மறைத்துத் தவிர்ப்பார்கள். மென்பொருளோ அந்தக் குறையை விரித்து வைத்து, 50-300 மி.மீ. ஜூமா, 35 மி.மீ.யா, 105 மி.மீ.யா, எந்த லென்ஸின் குறை வேண்டும் என்று கேட்கும்.

அடுத்தவர் தலைவலியும் நம் தலைவலியும் ஒன்றாக இருக்கும்வரை பற்று கேட்கும். தம்பி அடுத்து தோற்றம், மறைவு கார்டுக்கு வந்தான். தட்டச்சு செய்வது போல எழுத்து ஒவ்வொன்றாக வரும் பிரீசெட்டை இழுத்து விட்டான். யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துரு. திரையில் முதலில் ஓர் இரட்டைக்கொம்பு மட்டும் தனியாக வந்து நின்றது. பிறகு 'த' வந்து 'தே' ஆனது. கடைசியில் கால் வந்து ஒட்டி 'தோ' ஆனது. ஆங்கிலத்துக்குச் செய்தவர் கொம்பைப் பார்த்திருக்க மாட்டார். அவர் கணக்கில் அது ஒரு முழு எழுத்து.

"எப்பவும் இப்டித்தாண்ணே வரும். யாரும் கவனிக்க மாட்டாங்க" என்றான் தம்பி.

பிரீசெட்டின் பெயருக்குப் பக்கத்தில் இருந்த சிறிய அம்புக்குறியை அழுத்தச் சொன்னேன். உள்ளே மந்திரம் ஒன்றுமில்லை. எழுத்தை மறைத்து வைத்து, ஒரு திரையை இடமிருந்து வலமாக நகர்த்துகிறார்கள், அவ்வளவுதான். எந்த அளவில் நகர்த்துவது என்று ஒரு வரி இருந்தது: எழுத்தா, சொல்லா, வரியா? 'சொல்' என்று மாற்றினான். 'தோற்றம்' உடையாமல் முழுசாக வந்தது. "மூணு வருசமா இதை இழுத்துப் போடுறேண்ணே, தொறந்து பார்த்ததே இல்ல" என்றான்.

பூவையும் திறந்தோம். பிறப்பு விகிதம், ஆயுள், ஈர்ப்பு விசை, வேகம் என்று வரிசையாக எண்கள். கடைசியில் 'ரேண்டம் சீட்', அதாவது விதை எண். பூக்கள் தாறுமாறாக விழுவது போலத் தெரிந்தாலும் அது இந்த ஒற்றை எண்ணிலிருந்து போடும் கணக்கு. விதையை மாற்றாதவரை அதே இதழ் அதே இடத்தில்தான் விழும். என் கல்யாணத்திலிருந்து இன்றுவரை அந்த எண்ணை யாரும் தொடவில்லை போலிருக்கிறது.

கடைசியாக ஒரு கட்டம்: எந்தப் படம் விழ வேண்டும்? ரோஜா இருந்த இடத்தில் எதை வேண்டுமானாலும் வைக்கலாம். பங்குனிக் கடைசி அது. பெரியப்பா கயிற்றுக் கட்டில் போட்டுப் பேப்பர் படிக்கும் வேப்பமரம் பூத்துக் கொட்டிக்கொண்டிருந்தது. தம்பியே பைக்கில் போய்க் கறுப்புத் துணியில் நாலு வேப்பம்பூவை வைத்துச் செல்போனில் படமெடுத்து வந்தான். பின்னணியை வெட்டி எடுத்து ரோஜாவின் இடத்தில் வைத்தோம். நொடிக்கு இரண்டு பூ. ஈர்ப்பைக் குறைத்தோம். ஆயுள் ஆறு நொடி. விதை எண்ணுக்குப் பெரியப்பா பிறந்த வருடத்தை அடித்தான்.

மண்டபத்தில் வீடியோ ஓடியது. பெரியம்மா முன்வரிசையில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த என்னிடம் குனிந்து, "இதைத்தாண்டா ரெண்டு வேளையும் கூட்டிக்கிட்டுக் கெடந்தேன்" என்றார்.