25% இலவச சீட்: அரசுப் பணம் வராத வருஷத்தை ஒரு சின்ன மெட்ரிக் பள்ளி எப்படிச் சமாளிக்கிறது?

2025 ஜூன் 2ஆம் தேதி தமிழ்நாட்டில் பள்ளிகள் திறந்தன. தனியார் பள்ளிகளில் எல்கேஜி வகுப்புகளும் வழக்கம்போலத் தொடங்கின. ஆனால் கல்வி உரிமைச் சட்டப்படி ஏழைக் குழந்தைகளுக்கு ஒதுக்க வேண்டிய 25% இடங்களுக்கு மட்டும் சேர்க்கையே நடக்கவில்லை. மற்ற வருடங்களில் ஏப்ரல், மே மாதங்களிலேயே ஆன்லைனில் விண்ணப்பம் வாங்கிவிடுவார்கள். விண்ணப்பம் அதிகமாக இருந்தால் குலுக்கலும் நடந்துவிடும். இந்த முறை சேர்க்கை தொடங்கியது அக்டோபரில்தான். அதாவது, காலாண்டுத் தேர்வே முடிந்த பிறகு.

பெற்றோர்கள் எப்படி அலைந்தார்கள் என்பது அந்த நாட்களில் நிறையப் பேசப்பட்டது. பள்ளியை நடத்துகிறவர் என்ன செய்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. தனியார் பள்ளி என்றாலே ஏசி வகுப்பறை, நீச்சல் குளம், லட்சக்கணக்கில் பீஸ் என்ற படம்தான் மனதில் வருகிறது. மாவட்டத் தலைநகரங்களிலும் பேரூராட்சிகளிலும் இருக்கிற சின்ன நர்சரி, மெட்ரிக் பள்ளிகளின் கதை வேறு. ஆட்டோ ஓட்டுநர், கடை ஊழியர், கட்டடத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் தவணையில் பீஸ் கட்டிப் படிக்கிற இடங்கள் அவை.

தனியார் பள்ளிக்கு அரசு ஏன் பணம் தரணும்?

கல்வி உரிமைச் சட்டம் 2009இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. இதன் 12ஆம் பிரிவின்படி, அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் தங்கள் நுழைவு வகுப்பில் குறைந்தது 25% இடங்களை நலிவடைந்த மற்றும் பின்தங்கிய பிரிவுக் குழந்தைகளுக்கு இலவசமாகத் தர வேண்டும். எல்கேஜி இருக்கும் பள்ளியில் எல்கேஜியிலேயே. தமிழ்நாட்டில் நலிவடைந்த பிரிவு என்றால் ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குக் கீழே உள்ள குடும்பம்.

அந்தக் குழந்தை எட்டாம் வகுப்பு வரை அங்கே கட்டணமில்லாமல் படிக்கும். பதிலுக்கு அரசு பள்ளிக்குப் பணம் தரும். எவ்வளவு? அரசு தன் சொந்தப் பள்ளியில் ஒரு குழந்தைக்குச் செலவழிக்கிற தொகை, அல்லது அந்தப் பள்ளி வாங்கும் கட்டணம். இரண்டில் எது குறைவோ அது.

இந்த ஏற்பாடு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்தது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என 2014இல் அரசியல் சாசன அமர்வு விலக்களித்தது. ஒரே தெருவில் இருக்கும் இரண்டு பள்ளிகளில் ஒன்றுக்கு 25% கட்டாயம், மற்றொன்றுக்கு இல்லை என்ற நிலை இப்படித்தான் வந்தது. அந்த விலக்கு சரிதானா என்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு 2025 செப்டம்பர் 1இல் கேள்வி எழுப்பி, பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பியிருக்கிறது.

சரி, பணம் எங்கே நின்றது?

ஆர்டிஇ பணத்தில் மத்திய அரசின் பங்கு 'சமக்ர சிக்‌ஷா' திட்டம் வழியாக வருகிறது. இந்தத் திட்டத்தில் மத்திய அரசு 60%, மாநில அரசு 40%. 2024-25ஆம் ஆண்டுக்கு தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய மத்தியப் பங்கு 2,152 கோடி ரூபாய். பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை, தேசிய கல்விக் கொள்கையை ஏற்கவில்லை என்று மத்திய அரசு அதை நிறுத்தி வைத்தது. மும்மொழிக் கொள்கையை ஏற்க முடியாது என்று மாநில அரசும் உறுதியாக நின்றது. 2025 மே மாதம் வட்டியும் சேர்த்து 2,291 கோடி ரூபாய் கேட்டு தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

மொழிக் கொள்கையில் யார் பக்கம் நியாயம் என்பது தனி விவாதம். எல்கேஜி குழந்தைக்கும் அந்தச் சண்டைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதுதான் இங்கே விஷயம். சென்னை உயர் நீதிமன்றமும் 2025 ஜூன் 10இல் ஏறத்தாழ இதையே சொன்னது. ஆர்டிஇக்கான பணத்தை தேசிய கல்விக் கொள்கையோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை, அதை விடுவிப்பதை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்றது. அதோடு நிற்கவில்லை. மத்தியப் பணம் வரவில்லை என்பதைக் காரணம் காட்டி, தனியார் பள்ளிகளுக்குத் தர வேண்டியதை மாநில அரசு தட்டிக்கழிக்க முடியாது என்றும் சொன்னது. இரண்டு அரசுகளும் தங்களுக்குச் சாதகமான பாதியை மட்டும் எடுத்துப் பேசின.

ஆர்டிஇ பகுதிக்கான பணம் விடுவிக்கப்பட்ட பிறகு அக்டோபரில் சேர்க்கை தொடங்கியது. ஆனால் அதற்குள் பள்ளிகளில் இடங்கள் நிரம்பியிருந்தன. அதனால், ஏற்கெனவே பீஸ் கட்டிச் சேர்ந்திருந்த குழந்தைகளில் தகுதியுள்ளவர்களைத் தேர்ந்தெடுத்து, கட்டிய பீஸைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. ஜூனில் பீஸ் கட்ட முடிந்தவர்தான் அக்டோபரில் இலவச சீட் கேட்க முடிந்தது. கட்டவே முடியாத குடும்பம், அதாவது இந்தச் சட்டம் யாருக்காக வந்ததோ அந்தக் குடும்பம், அதற்கு முன்பே வேறு பள்ளிக்குப் போய்விட்டது.

பள்ளிக்கும் சிக்கல்தான். ஜூனில் வாங்கிய பீஸ் அக்டோபர் வரை பெட்டியில் இருக்குமா? சம்பளமாகவும் வாடகையாகவும் வேன் டீசலாகவும் போய்விட்டிருக்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

இது எந்தப் பள்ளியின் உண்மைக் கணக்கும் இல்லை, புரிந்துகொள்ள ஓர் உதாரணம். எல்கேஜியில் 40 பேர் சேரும் பள்ளி. அதில் 25% என்றால் 10 குழந்தைகள். எல்கேஜி, யுகேஜி, ஒன்று முதல் எட்டு என மொத்தம் பத்து வகுப்புகள். வருடம் பத்துப் பேராகச் சேர்ந்து வந்தால் ஒரு கட்டத்தில் 100 குழந்தைகள் இலவசமாகப் படித்துக்கொண்டிருப்பார்கள். ஒரு குழந்தைக்கு அரசு 14,000 ரூபாய் தருவதாக வைத்துக்கொண்டால், வருடத்துக்கு 14 லட்சம்.

அந்தப் பள்ளியில் 20 ஆசிரியர்கள், தலைக்கு 12,000 ரூபாய் சம்பளம். மாதம் 2 லட்சத்து 40 ஆயிரம். அரசுப் பணம் ஒரு வருடம் தள்ளிப் போனால், கிட்டத்தட்ட ஆறு மாதச் சம்பளம் கையில் இல்லை என்று அர்த்தம். பெரிய பள்ளிக்கு இது ஒரு 'வர வேண்டிய பாக்கி'. சின்னப் பள்ளியின் தாளாளருக்கு வட்டிக் கடன்.

பீஸை ஏத்திக்கலாமே?

முடியாது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டின் கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழுதான் ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் கட்டணத்தை நிர்ணயிக்கிறது. ஒரு முறை நிர்ணயித்தால் மூன்று ஆண்டுகளுக்கு அதுதான். பள்ளி தன் வரவு செலவுக் கணக்கைக் காட்ட வேண்டும்.

இந்தக் கட்டுப்பாடு காரணமில்லாமல் வரவில்லை. இஷ்டத்துக்குப் பீஸ் வாங்கிய பள்ளிகள் இருந்தன, இப்போதும் ரசீது இல்லாமல் வாங்குகிற பள்ளிகள் இருக்கின்றன. அங்கீகாரத்தைப் புதுப்பிக்கக் கேட்கும் கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று பற்றியும் நிர்வாகிகள் புலம்புவது உண்டு. 2004 ஜூலை 16இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் கருகிய பிறகு, அந்தச் சான்றுகளைச் சுமை என்று சொல்ல யாருக்கும் வாய் வரக்கூடாது. ஆனால் பீஸ் உச்சவரம்பின் கதை வேறு. விலையை அரசு நிர்ணயிக்கிறது, கால்வாசி வாடிக்கையாளருக்கான பணத்தையும் அரசே தர வேண்டும், ஆனால் தேதி மட்டும் கிடையாது.

பாக்கி வைத்த பெற்றோரை நெருக்கவும் பள்ளிக்கு இப்போது வழியில்லை. டிசி என்பது பீஸ் வசூலிக்கும் கருவி அல்ல, அதில் பீஸ் பாக்கி பற்றி எழுதவும் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பளித்தது. குழந்தையின் பக்கம் நின்று பார்த்தால் மிகச் சரியான தீர்ப்பு. தாளாளரின் மேஜையிலிருந்து பார்த்தால் இன்னொரு கதவு மூடியது.

கடைசியில் யார் தலையில் விடிகிறது?

தனியார் பள்ளியை ஆங்கிலத்தில் 'இண்டிபெண்டண்ட் ஸ்கூல்', அதாவது சுதந்திரமான பள்ளி, என்று சொல்கிற நாடுகள் உண்டு. இங்கே ஒரு சின்ன மெட்ரிக் பள்ளியின் தாளாளர் யாரையும் கேட்காமல் தானே முடிவெடுக்கிற பெரிய விஷயம் ஒன்றே ஒன்றுதான்: ஆசிரியரின் சம்பளம். பீஸ் குழுவின் கையில், பாடத்திட்டம் அரசின் கையில், 25% பணம் இரண்டு அரசுகளின் கையில். அதனால் எந்தப் பக்கம் இடி விழுந்தாலும் அது கடைசியில் சம்பளத்தில்தான் இறங்கும். ஒரு மாதச் சம்பளம் தள்ளிப் போகும், மே மாதச் சம்பளம் வராது, இரண்டு ஆசிரியர் வேலையை ஒருவரே பார்ப்பார். கொரோனா காலத்தில் பார்த்ததும் இதே வரிசைதான்.

அந்த ஆசிரியர்கள் மீது இப்போது இன்னொரு சுமை. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிப்பவர்களுக்கு 'டெட்' எனும் ஆசிரியர் தகுதித் தேர்வு கட்டாயம் என்பதை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 தீர்ப்பில் உறுதி செய்தது. ஓய்வு பெற ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருக்கும் பழைய ஆசிரியர்களும் இரண்டு ஆண்டுகளுக்குள் தேர்ச்சி பெற வேண்டும். டெட் பாஸ் செய்த ஒருவர் 12,000 ரூபாய் சம்பளத்துக்கு எவ்வளவு நாள் இருப்பார்? அரசு வேலை அறிவிப்பு வருகிற வரை. தகுதியுள்ள ஆசிரியர் வேண்டும் என்று சட்டம் கேட்பது நியாயம். அந்தத் தகுதிக்கான சம்பளத்தைத் தரும் அளவுக்குக் கட்டணக் குழுவின் கணக்கில் இடம் இருக்கிறதா என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பக்கத்துத் தெரு அரசுப் பள்ளி

இதற்கிடையே போட்டியும் மாறிவிட்டது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5% உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது, அடுத்த வருடம் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. 2022இல் காலை உணவுத் திட்டமும், கல்லூரிக்குப் போகும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் தொடங்கின. 2024இல் மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன். கடன் வாங்கி மெட்ரிக் பள்ளியில் போடும் ஒரு குடும்பம் இதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்க்காமல் இருக்குமா? அரசுப் பள்ளி வலுப்படுவது நல்ல செய்தி. ஆனால் சின்ன மெட்ரிக் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரும்போது பிள்ளைகள் குறைந்தால், மீதியிருக்கும் பிள்ளைகளில் ஆர்டிஇ குழந்தைகளின் பங்கு கூடும். வராத பணத்தின் பங்கும் கூடும்.

மற்ற மாநிலங்களில் என்ன செய்தார்கள்?

செலவைக் குறைக்கக் கர்நாடகா ஒரு வழி கண்டுபிடித்தது. பக்கத்தில் அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ இருந்தால் தனியார் பள்ளியில் ஆர்டிஇ சீட் கிடையாது என்று விதியை மாற்றியது. இடங்கள் மளமளவெனக் குறைந்தன. மகாராஷ்டிராவும் 2024 பிப்ரவரியில் இதையே செய்து பார்த்தது, ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. தமிழ்நாடு அந்த வழிக்குப் போகவில்லை. சீட்டை நிறுத்தவில்லை, பணம்தான் நின்றது. பள்ளி நடத்துகிறவருக்கு இதில் எது மோசம் என்று சொல்வது கஷ்டம்.

பெற்றோர் எதைக் கவனிக்கணும்?

பணம் வராத பள்ளி, அதை வேறு வழியில் வாங்கப் பார்க்கும். 'சார், இது ஃப்ரீ சீட்டுதானே, இந்தப் பணம் எதுக்கு?' என்ற கேள்வி பல பள்ளி அலுவலகங்களில் கேட்கிறது. ஆர்டிஇ குழந்தையிடம் கல்விக் கட்டணம் வாங்கக் கூடாது. அறிவிக்கப்பட்ட கட்டணத்தைத் தாண்டி நன்கொடை என்ற பெயரில் எந்தக் குழந்தையிடம் வாங்கினாலும், வாங்கிய தொகையைப் போலப் பத்து மடங்கு வரை அபராதம் என்று சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. எதற்குப் பணம் கட்டினாலும் பள்ளியின் பெயர் அச்சிட்ட ரசீது வாங்கி வைத்துக்கொள்வது அவசியம். கட்டணக் குழு உங்கள் பள்ளிக்கு எவ்வளவு நிர்ணயித்திருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இன்னொன்று: அரசு பள்ளிக்குப் பணம் தராததற்காக, ஆர்டிஇ குழந்தையை வகுப்பில் தனியாக உட்கார வைக்கவோ வெளியே அனுப்பவோ பள்ளிக்கு உரிமை கிடையாது. பாக்கி பள்ளிக்கும் அரசுக்கும் இடையில்தான். 2025-26இல் எல்கேஜியில் சேர்ந்த குழந்தை எட்டாம் வகுப்பு முடிப்பது 2035இல். அதுவரை வருடா வருடம் அந்தப் பணம் வந்தாக வேண்டும்.