படத்துக்கு விலை சொல்வது யார்?



அல்சூரிலும் மல்லேசுவரத்திலும் பசவனகுடியிலும் பழைய வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். வீட்டைக் காலி செய்யும் நாளில் தேக்குக் கட்டிலும் ஊஞ்சல் பலகையும் பித்தளை அண்டாவும் விலை பேசப்படுகின்றன. அவற்றோடு, தாத்தா காலத்தில் ஊரிலிருந்து கொண்டுவந்த தஞ்சாவூர்ப் படமும் சுவரிலிருந்து இறங்குகிறது. புதிய குடியிருப்பில் பூசை அறை என்பது ஓர் அலமாரிதான். மூன்றடி உயரப் படத்துக்கு அங்கே இடம் ஏது? பழஞ்சாமான் வியாபாரி வந்து பார்க்கிறார். "பலகையைப் பூச்சி அரித்துவிட்டது, தங்கமும் மங்கிப்போயிற்று. உங்களுக்காக எடுத்துக்கொள்கிறேன்" என்கிறார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். அவர் சொன்ன தொகைக்குப் படம் கைமாறிவிடுகிறது.

வியாபாரியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. குறைந்த விலைக்கு வாங்குவது அவர் தொழில். ஆனால் வாங்க வந்தவரிடமே மதிப்பையும் கேட்பது என்ன நியாயம்? நகையை விற்குமுன் நாலு கடை ஏறி இறங்குகிறோம். மனையை விற்குமுன் அக்கம்பக்கத்து விலையை விசாரிக்கிறோம். நூறு ஆண்டு பழமையான ஓவியத்துக்கு மட்டும் அந்த எச்சரிக்கை நமக்கு இருப்பதில்லை. விலை சொல்பவர் வேறு, வாங்குபவர் வேறு என்று இருக்க வேண்டும். என் கருத்து இவ்வளவுதான்.

ஓவியத்தின் விலை அதிலுள்ள தங்கத்தின் எடையில் இல்லை. எந்தக் காலத்தது, எந்த மரபைச் சேர்ந்தது, எந்த நிலையில் இருக்கிறது, யார் யார் கையில் இருந்து வந்தது என்ற நான்கு கேள்விகளில் இருக்கிறது. பழைய தஞ்சாவூர்ப் படம் பெரும்பாலும் பலாப்பலகையில் துணி ஒட்டி, சுண்ணாம்புப் பொடியும் பசையும் கொண்டு புடைப்பு வேலை செய்து, தங்க ரேக்கும் கண்ணாடிக் கற்களும் பதித்து ஆக்கப்பட்டது. மைசூர்ப் படத்தில் புடைப்பு மெல்லியது, கற்கள் அரிது, கோடுகள் நுட்பமானவை. கர்நாடகத்தில் வாழும் நம் வீடுகளில் இரண்டுமே உண்டு. படத்தைத் திருப்பிப் பாருங்கள். பின்பலகை ஒட்டுப்பலகையாக, அதாவது பிளைவுட்டாக இருந்தால் அது முப்பாட்டன் காலத்துப் படமாக இருக்க வாய்ப்பில்லை. ரவிவர்மா படம் என்று சொல்லப்படுவதைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது அச்சுப் படம். அவர் 1894இல் மும்பையில் தொடங்கிய அச்சகம் வீட்டுக்கு வீடு சாமி படங்களைக் கொண்டு சேர்த்தது. அந்த அச்சுக்கும் இன்று மதிப்பு உண்டு. ஆனால் அவர் கையால் தீட்டிய எண்ணெய் ஓவியத்தின் விலையோடு அதை ஒப்பிட முடியாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். மங்கிய படத்தைப் "புதுப்பித்து" விற்கலாம் என்று பெயிண்ட் அடிக்கக் கொடுத்துவிடாதீர்கள். பழமையும் போகும், விலையும் போகும்.

அறிந்தவர் கண்ணில் படுவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஐரோப்பாவில் ஒரு சான்று உண்டு. பிளாண்டர்ஸ் நாட்டின் பேரோவியர் ரூபன்ஸ் வரைந்த ஓர் ஓவியம், அவருடைய உதவியாளர் ஒருவரின் வேலை என்று இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கருதப்பட்டு வந்தது. அதற்கு உரிமையுடைய மூதாட்டிக்கு அந்தப் படம் பிடிக்கவில்லை. ஆஸ்திரியாவில் ஒரு மடத்துக்கு இரவலாகக் கொடுத்திருந்தார். பின்னர் வல்லுநர்கள் அதை ஆராய்ந்து ரூபன்ஸின் கைவேலையே என்றனர். 2002 சூலையில் லண்டன் ஏலத்தில் அது 4 கோடியே 95 லட்சம் பவுனுக்குப் போயிற்று. படத்தில் ஒரு கோடும் மாறவில்லை. மாறியது அதைப் பற்றிய அறிவு மட்டுமே.

நான்காவது கேள்வியான "யார் கையில் இருந்து வந்தது" என்பதற்குத் தஞ்சாவூரே சான்று. சரபோஜி மன்னரையும் மகன் சிவாஜியையும் காட்டும் ஓர் ஓவியத்தை அமெரிக்காவின் பீபாடி எசக்ஸ் அருங்காட்சியகம் 2006இல் 35,000 டாலருக்கு வாங்கியது. விற்றவர் பின்னாளில் சிலைக் கடத்தல் வழக்கில் சிக்கிய சுபாஷ் கபூர். படத்தோடு அவர் கொடுத்த உரிமை வரலாறு பொய் என்று தெரியவந்ததும், 2015இல் அருங்காட்சியகம் படத்தை அமெரிக்க அதிகாரிகளிடம் ஒப்படைத்தது. அது தஞ்சை சரசுவதி மகாலுக்கு உரியது என்று 2022இல் தமிழகக் காவல்துறையின் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு அறிவித்தது. வரலாறு பொய்யானால் மன்னர் படத்துக்கும் சந்தையில் இடமில்லை. நம் வீட்டுப் படத்துக்கோ மெய்யான வரலாறே இருக்கிறது. அதை எழுதி வைக்கத்தான் ஆளில்லை.

சட்டத்தையும் அறிந்திருப்பது நல்லது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த ஓவியம் தொல்பொருள் ஆகும். வீட்டில் வைத்திருக்கலாம், முறைப்படி பதிவு செய்ய வேண்டும். நாட்டுக்குள் விற்கலாம். ஆனால் தொல்பொருள் வணிகம் செய்பவருக்கு உரிமம் வேண்டும். தனியார் அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. அமெரிக்காவில் இருக்கும் மகனுக்குப் பாட்டியின் படத்தைப் பெட்டியில் வைத்து அனுப்ப நினைப்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். படம் பழமையானதா என்ற ஐயம் இருந்தால், இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டித் தொல்பொருள் அல்ல என்ற சான்று பெற்ற பிறகே அனுப்ப வேண்டும்.

"சாமி படத்துக்கு விலை பார்ப்பதா?" என்று பெரியவர்கள் முகம் சுளிக்கலாம். அவர்கள் மனம் எனக்குப் புரிகிறது. ஆனால் மதிப்பு அறிவது வேறு, விற்பது வேறு. மதிப்பை அறிந்த பிறகு விற்க மனம் வராத குடும்பங்களே அதிகம் இருக்கும். அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது மூத்தவருக்கு வீடு, இளையவருக்கு நகை, "வீணாகக் கிடக்கும்" படம் கடைசித் தங்கைக்கு என்று முடிவதும் உண்டு. மதிப்புத் தெரிந்திருந்தால் அந்தப் பங்கீடும் நியாயமாக இருக்கும், பிற்பாடு மனத்தாங்கலும் இராது.

ஆகவே நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவுக்கும் முத்தமிழ் விழாவுக்கும் நாள் ஒதுக்குவதுபோல், ஆண்டுக்கு ஒரு நாள் இதற்கும் ஒதுக்குவோம். இந்த ஊரிலேயே 1960 முதல் இயங்கும் கர்நாடக சித்ரகலா பரிஷத் போன்ற அமைப்புகளில் மரபு ஓவியம் அறிந்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை அழைப்போம். குடும்பங்கள் படத்தைத் தூக்கிவர வேண்டியதில்லை. முன்பக்கம், பின்பக்கம், சட்டம், பழுதுபட்ட இடம் ஆகியவற்றின் புகைப்படங்களைக் கொண்டுவந்தால் போதும். எந்த ஊரிலிருந்து வந்தது, யார் கொண்டுவந்தது என்று வீட்டுப் பெரியவர் சொல்வதை ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொள்வோம். விலை பேசும் வியாபாரிகளுக்கு அன்று இடம் தர வேண்டாம்.

அந்தத் தாளில் எழுத வேண்டியதைச் சொல்லக்கூடியவர்கள் எண்பதைத் தாண்டியவர்கள். வீட்டை இடிக்கும் நாள் வரும் வரை அவர்கள் காத்திருப்பார்கள் என்று நாம் இருந்துவிடக் கூடாது. இந்த ஞாயிற்றுக்கிழமையே பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.