பழகிய கையைப் பறிகொடுக்கலாமா?

பட்டுக்கோட்டை வயலில் நாற்று நடும் கைக்கும், ஜப்பான் நாட்டு நீர்மூழ்கிக் கப்பலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். சம்பந்தம் உண்டு, தோழர்களே!

ஜப்பானில் கோபே என்றொரு துறைமுக நகரம். அங்கே மிட்சுபிஷி, கவாசாகி என இரு கப்பல் தளங்கள். 2022 மார்ச்சில் ‘தைகெய்’ என்ற நீர்மூழ்கி அந்நாட்டுக் கடற்படையில் சேர்ந்தது. நீளம் 84 மீட்டர். எடை 3,000 டன். மாலுமிகள் ஏறத்தாழ 70 பேர். நீருக்கடியில் அதை ஓட்டுவது லித்தியம் மின்கலம். அதே வகையில் 2023 மார்ச்சில் ஒன்று, 2024 மார்ச்சில் ஒன்று, 2025 மார்ச்சில் ஒன்று! இந்தத் தளம் ஒன்று தந்தால், அடுத்ததை அந்தத் தளம் தருகிறது. வேலை நிற்பதில்லை, கை மறப்பதில்லை.

இங்கே நடந்தது என்ன?

1981-ல் மேற்கு ஜெர்மன் நிறுவனத்தோடு ஒப்பந்தம். இரண்டு கப்பல்கள் அங்கே, இரண்டு நமது மும்பை மசகான் தளத்தில். மசகான் பொதுத்துறை நிறுவனம். கனத்த எஃகுத் தகட்டை வளையமாக்கி, வளையத்தோடு வளையத்தை வெல்டிங் செய்யும் வேலை அது. மயிரிழை விரிசல் இருந்தாலும் ஆழ்கடலின் அழுத்தம் உயிர் குடிக்கும். அந்த வித்தையை நம் தொழிலாளி கற்றான். 1992-ல் ‘ஷால்கி’, 1994-ல் ‘ஷங்குல்’ இரண்டும் கடற்படைக்குப் போயின.

அத்தோடு நின்றது! 1987-ல் கிளம்பிய தரகுப் புகாருக்குப் பின், மேற்கொண்டு கட்டவிருந்த இரண்டு கைவிடப்பட்டன. புகார் எழுந்தது மேலிடத்தில். தண்டனை விழுந்தது பட்டறையில்!

பிரெஞ்சு நிறுவனத்தோடு மறு ஒப்பந்தம் 2005-ல். அதன் முதல் கப்பல் ‘கல்வாரி’ கடற்படையில் சேர்ந்தது 2017 டிசம்பரில். இடையிலே 23 ஆண்டுகள்! பழகிய கைகள் ஓய்வு பெற்றன. புதிய கைகள் அரிச்சுவடியில் தொடங்கின. ஆறாவதான ‘வாக்‌ஷீர்’ 2025 ஜனவரியில் சேர்ந்தது. அன்றும் அடுத்த நீர்மூழ்கிக்குத் தளத்தின் கையில் உத்தரவு இல்லை!

போர் வெறியைப் போற்றி இதை எழுதவில்லை. ஆயுதப் போட்டி ஏழை நாடுகளின் சோற்றைப் பறிக்கும் என்பதே நம் கட்சி. ஆனால், தேவை என்று அரசே முடிவு செய்த கப்பலை அந்நியனிடம் வாங்குவதா, நம் தொழிலாளி கட்டுவதா என்பதே கேள்வி.

காவிரிக் கரையில் இருப்பவனுக்கு இது புரியாததா? ஒரு குறுவை பொய்த்தால் நடவாட்கள் திருப்பூருக்குப் பஸ் ஏறுகிறார்கள். மறு ஆண்டு மேட்டூர் திறக்கிறது, தண்ணீர் வருகிறது, போன ஆள் வருவதில்லை!

தளத்துக்குத் தொடர்ந்து வேலை கொடு! ஒப்பந்தக் கூலியாக அல்ல, நிரந்தரத் தொழிலாளியாக வை! இதுவே நம் கோரிக்கை.