மண்சரிவும் மாநாட்டு மண்டபமும்

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது நம் பாட்டிமார் வாக்கு. ஆனால் பிள்ளை அழும் வீடு ஒன்றாகவும், பால் இருக்கும் வீடு வேறொன்றாகவும் இருந்துவிட்டால் யாது செய்வது? அழுகுரலை எடுத்துச் செல்ல நடுவில் ஒருவர் வேண்டுமன்றோ? அவ்வாறு நடுவில் நிற்கும் தொழிலொன்றைப் பற்றி இவ்வாரம் வாசக அன்பர்களோடு சிறிது உரையாட விரும்புகின்றோம்.

அண்மையில் ஒரு மாலைப்பொழுது, பதுளையில் மழை தூறிக்கொண்டிருந்த வேளையில், எம்மிடம் முன்னர் பயின்ற பெண்ணொருவர் எம் இல்லத்திற்கு வந்தார். தோட்டத்து லயத்திலே பிறந்து வளர்ந்தவர். பட்டம் பெற்றபின் பத்திரிகை ஒன்றுக்குப் பிரதேச நிருபராகச் செய்தி எழுதி வருகின்றார். கையிலே ஒரு விண்ணப்பப் பத்திரம் இருந்தது.

"சேர், இந்தப் புலமைப்பரிசில் கிடைத்தால், வெளிநாட்டில் நடக்கும் சுற்றாடல் மாநாட்டை வீட்டிலிருந்தபடியே கவனித்து எழுதலாம். எனக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் தரவேண்டும்" என்றார்.

"வீட்டிலிருந்து பார்ப்பதற்கும் ஒரு புலமைப்பரிசிலா? விருந்துக்கு அழைத்துவிட்டுத் திண்ணையிலே இருத்துவது போலல்லவா இருக்கின்றது!" என்றோம் நாம்.

அவர் சிரித்தார். பின்னர் பொறுமையாக எமக்கு விளக்கினார். ஆசிரியர் மாணவராகும் வேளைகளும் உண்டு.

காலநிலை, உயிரினப் பாதுகாப்பு, பிளாஸ்டிக் கழிவு ஆகியன குறித்து உலக நாடுகள் அவ்வப்போது கூடிப் பேசுகின்றன. அங்கே செல்லும் நிருபர்களிற் பெரும்பாலோர் செல்வ நாட்டினர். இக்குறையை நீக்கவே, 2007ஆம் ஆண்டு பாலித் தீவில் நடந்த காலநிலை மாநாடு தொடக்கம், 'காலநிலை மாற்ற ஊடகக் கூட்டணி' என்னும் ஏற்பாட்டின் மூலம் வளர்முக நாட்டு நிருபர்கள் பலர் மாநாடுகளுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். கொரோனா நோய் பரவியபோது கிளாஸ்கோ மாநாடே 2020இலிருந்து 2021க்குத் தள்ளிப்போயிற்று. 2021ஆம் ஆண்டு நடுப்பகுதியில் ஆயத்தக் கூட்டங்கள் இணையத்தின் வழியாகவே நடந்தேறின. இருந்த இடத்திலிருந்தே பயின்று எழுதும் தொலைவழிப் புலமைப்பரிசில்களுக்கு அக்காலம் ஓர் உந்துதலாயிற்று. இத்தகைய புலமைப்பரிசிலில், அனுபவம் மிக்க பத்திரிகையாளர் ஒருவர் வழிகாட்டியாக அமைவார். நிபுணர்களோடு கேள்வி நேரம் உண்டு. செய்தி திரட்டும் செலவுக்குச் சிறு தொகையும் கிடைக்கலாம்.

"இதனால் நமது மலைக்கு என்ன பயன்?" என்று வாசகர் கேட்பது எம் காதில் விழுகின்றது. விடையைத் தேடித் தூரம் போக வேண்டியதில்லை. கொஸ்லாந்தை வரை போனாற் போதும்.

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குச் சென்ற பிள்ளைகள் சிலர் திரும்பி வந்து பார்த்தபோது, வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. முதல் நாட்செய்திகள் நூற்றுக்கணக்கானோரைக் காணவில்லை என்றன. பின்னர் அத்தொகை நாற்பதுக்கும் கீழே இறங்கிற்று. அங்கு வாழ்ந்தோர் எத்தனை பேர் என்பதைக்கூட வெளியுலகு உடனே அறிய முடியாதிருந்த அவலத்தை என்னென்பது!

அந்த மலை ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரித்திருந்தது. ஆகவே, பழியை மழையின்மீது மாத்திரம் சுமத்துதல் நேர்மையாகாது. காற்றின் வெப்பம் 1 பாகை செல்சியஸ் கூடினால், அது ஏறத்தாழ 7 வீதம் அதிக நீராவியைத் தாங்கவல்லது; அதனாற் கடும் மழை மேலும் கடுமையாகின்றது என்பது விஞ்ஞானம். ஆயினும் வடிகால் பேணப்பட்டதா? லயத்தை அச்சரிவிலே கட்டியவர் யார்? எச்சரிக்கைக்குப் பின்னர் மாற்றிடம் கொடுக்கப்பட்டதா? இக்கேள்விகளையும் கேட்பவரே நல்ல நிருபர்.

இனி மாநாட்டு மண்டபத்தின் பக்கம் திரும்புவோம். கடல்மட்டம் உயர்வதனால் ஏற்படும் இழப்புக்கு ஈடு வேண்டுமென்று வனுவாட்டு என்னும் சிறு தீவு நாடு சிறு தீவுகளின் சார்பில் 1991ஆம் ஆண்டிலேயே குரல் எழுப்பியது. 'இழப்பும் சேதமும்' என்ற பெயரில் ஒரு நிதியம் அமைக்க உலக நாடுகள் இணங்கியதோ 2022இல், எகிப்தின் ஷார்ம் எல் ஷேக்கில்! 31 ஆண்டுகள்! அடுத்த ஆண்டு துபாயில் அந்நிதியம் செயற்படத் தொடங்குவதற்கான முடிவு எடுக்கப்பட்டது. 2025ஆம் ஆண்டு நவம்பரில் பிரேசில் நாட்டின் பெலேம் நகரில் மீண்டும் மாநாடு கூடிக் கலைந்தது. கலைந்து ஒரு வாரம் ஆகுமுன்னரே 'டித்வா' புயல் நம் நாட்டைத் தாக்கியது. 600க்கும் மேற்பட்ட உயிர்கள் பலியாயின. கடும் சேதமுற்ற மாவட்டங்களில் நமது பதுளையும் ஒன்று.

மண்டபத்தில் 'இழப்பு' என்று பேசுகின்றார்கள். நமது லயத்துக் குடும்பத்தின் இழப்பை எவ்வாறு கணக்கிடுவது? தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த அறை. ஆனால் உறுதிப் பத்திரம் பெரும்பாலோரிடம் இல்லை. மண் மூடிய வீடு சட்டப்படி அவர்களுடையதே அன்று! சொந்தமில்லாத வீட்டை இழந்தவருக்கு எந்த நிதியம், எந்தப் பத்திரத்தைப் பார்த்து ஈடு செய்யும்? இக்கேள்வியை ஜெனீவாவிலோ நியூயோர்க்கிலோ பிறந்த நிருபர் கேட்கமாட்டார். ஊவா மலைச்சரிவில் பிறந்தவருக்கு அது தானே தோன்றும்.

எம் மாணவியும் இதையே வேறு சொற்களில் கூறினார். "சேர், மண்டபத்தில் இருப்பவர்களுக்கு மீரியபெத்தை தெரியாது. அது எனக்குத் தெரியும். மண்டபத்தில் பேசும் பாஷைதான் எனக்கு விளங்காது. அதைத்தான் படிக்கப்போகிறேன்."

எமது 'திண்ணை' உவமை அத்தோடு வாயடைத்துப் போயிற்று.

எனினும் குறைகளையும் கூறாது விடலாகாது. பெலேமில் காலை 10 மணிக்குக் கூட்டம் தொடங்கினால், பதுளையில் அது மாலை 6.30, கொழுந்து நிறுத்து வீடு திரும்பியோர் அடுப்பு மூட்டும் வேளை. நள்ளிரவு தாண்டியும் விழித்திருக்க வேண்டும். தொலைபேசி அலை கிட்டாத தோட்டங்களும் உண்டு. உண்மையான பேரம் பலவும் மூடிய கதவுக்குள்ளே நடைபெறும். நேரிற் சென்றவர் நடைகூடத்தில் நின்று பிரதிநிதியை மறித்துக் கேட்கலாம், திரையைப் பார்ப்பவருக்கு அந்த வாய்ப்பில்லை. ஐக்கிய நாடுகள் சபையின் ஆறு மொழிகளில் தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. ஆகவே தொலைவழிப் புலமைப்பரிசில் முதற்படியாக இருக்கட்டும்; அதுவே ஏழை நாட்டு நிருபருக்கு என்றும் உரிய இடம் என்று எவரும் முடிவு கட்டிவிடலாகாது. இம்முறை வீட்டிலிருந்து எழுதியவரை அடுத்த முறை மண்டபத்திற்கு அழைத்தல் வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், கோ. நடேசய்யர் துணி வியாபாரி வேடம் பூண்டு தோட்டங்களுக்குள் நுழைந்து தொழிலாளரின் நிலையை அறிந்தார். 'தேசபக்தன்' என்னும் பத்திரிகையில் அதை நாடறியச் செய்தார். அன்று தோட்டத்துச் செய்தி வெளியே வர வெளியாள் வேடமிட்டு உள்ளே போக வேண்டியிருந்தது. இன்று தோட்டத்துப் பிள்ளையே பேனா பிடித்து உலகத்தோடு பேச முன்வருகின்றது. இம்மாற்றத்தின் பெருமை, பசியோடிருந்தும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய தாய்மாருக்கே உரியது.

மாணவச் செல்வங்களே! இத்துறையில் ஈடுபட விரும்புவோர் இன்றே தொடங்கலாம். உங்கள் தோட்டத்தில் மழையளவு நாள்தோறும் பதியப்படுகின்றதா என்று விசாரியுங்கள். அனுமதி பெற்று அப்பதிவேட்டைப் பாருங்கள். முன்னர் எந்த ஆண்டில் எந்த மலை சரிந்தது என்று பாட்டியிடம் கேட்டு, திகதியோடு எழுதி வையுங்கள். தமிழைத் தெளிவாக எழுதவும், ஆங்கிலத்தை அச்சமின்றி வாசிக்கவும் பழகுங்கள். பெற்றோர்களே! "பெண்பிள்ளைக்கு நிருபர் வேலை எதற்கு?" என்று தடுக்காதீர்கள்.

சிபாரிசுக் கடிதத்தை அன்றிரவே எழுதிக் கொடுத்தோம். முடிவு இன்னும் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும், உறுதிப் பத்திரம் இல்லாத வீட்டின் கணக்கைத் தாம் எழுதத் தொடங்கிவிட்டதாக அவர் கூறினார். அந்தக் கட்டுரையை வாசிக்க நாம் காத்திருக்கின்றோம்.