காயாம்பூ வண்ணன்

பெருமாளைக் 'காயாம்பூ வண்ணன்' என்று ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். அந்தப் பூ எப்படியிருக்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. பி.காம். படித்தவனுக்குப் பூ என்றால் முழம் என்ன விலை, அவ்வளவுதான்.

போன மாதம் நண்பர் ஒருவர் ஆரோவில் தாவரவியல் பூங்காவுக்கு இழுத்துக்கொண்டு போனார். ஊட்டி மாதிரி பூப்பாத்தி, டூயட் பாட புல்வெளி என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாறுவீர்கள். முக்கால்வாசி நம்மூர்ப் புதர்!

சோழமண்டலக் கரையில் ஒரு காலத்தில் நிறைந்திருந்த காடாம் இது. மழை என்னவோ ஐப்பசி, கார்த்திகையில்தான். மற்றபடி வெயில் மண்டையைப் பிளக்கும். அப்படியும் இலை கொட்டாமல் பச்சையாகவே நிற்கும். விறகுக்கும் விவசாயத்துக்கும் வெட்டி வெட்டி, கடைசியில் புத்துப்பட்டு மாதிரி ஐயனார் கோயில்களைச் சுற்றித்தான் கொஞ்சம் மிஞ்சியது. சாமி கண்ணைக் குத்தும் என்ற பயம்! அம்மாதிரி கோயில் காடுகளில் விதை பொறுக்கி வளர்ப்பது ஆரோவில்காரர்களின் பல வருஷ வேலை. 2000-ல் ஆரம்பித்த இந்தப் பூங்கா சுமார் 50 ஏக்கர். வீரை, உலக்கைப்பாலை, இரும்பிலி, கருங்காலி... பெயர்களைப் படிக்கவே ஜோராக இருந்தது.

ஒரு செடியில் கிளையோடு ஒட்டிக் கொத்துக் கொத்தாக நீலப் பூ. களை எடுத்துக்கொண்டிருந்த அக்கா சொன்னார்: "இதான் தம்பி காயா. மெதுவாத்தான் வளரும். இலையில மஞ்சச் சாயம் எடுப்பாங்க."

எனக்குப் பகீரென்றது. இதே செடி எங்கள் குலதெய்வக் கோயிலில், ஐயனார் குதிரைக்குப் பின்னால் அடர்ந்து கிடந்தது. "ஒடிச்சா கை முடங்கிடும்டா" என்பாள் ஆயா. சில வருஷங்களுக்கு முன் திருப்பணி என்று நன்கொடை கேட்டார்கள். சிமெண்ட் தரை, தகரக் கொட்டகை, கார் நிறுத்த இடம். எந்த இடத்தில் என்று கேட்காமல் 5,001 ரூபாய் அனுப்பினேன். கல்வெட்டில் என் இனிஷியலைத் தப்பாக வெட்டியதற்கு மட்டும் போன் போட்டு அரைமணி நேரம் சண்டை பிடித்தேன். மரத்தை வெட்டியதற்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நர்சரியில் ஒரு காயாக் கன்று வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். சித்தப்பாவுக்குப் போன் செய்தேன்.

"எங்கடா வைக்கிறது? எல்லாம் சிமெண்டாச்சே. கல்வெட்டுக்குப் பின்னாடி ஒரு முழம் மண்ணு இருக்கு. ஆடு மேஞ்சிடும்."

"கூண்டு போடலாம் சித்தப்பா."

"800 ரூபா ஆவும். யார் பேருக்கு ரசீது?"

ரசீதே வேண்டாம் என்றேன். சித்தப்பா நம்பவில்லை. "இனிஷியல் சரியாப் போடச் சொல்றேன்டா" என்கிறார்.