தீக்குழியும் கணினித் திரையும்

கணினி விளையாட்டிலே கதை இடமாக விரிகின்றது, ஆடுவோன் அதனுள் நடந்தே கதையை அறிகின்றான் என்பதை மேனாட்டார் கண்ட புதுமையென நம்மவர் சிலர் வியந்துரைக்கின்றனர். இவர்கள் புத்தளம் மாவட்டத்து உடப்புக்கு ஆடி விழாவின்போது ஒருமுறையேனும் சென்றதுண்டோ?

கடலுக்கும் களப்புக்கும் இடைப்பட்ட அம்மீனவக் கிராமத்தில், திரௌபதை அம்மன் விழா நிகழும் 18 நாட்களும் பாரதம் ஏட்டளவில் நிற்பதில்லை. சுயம்வரமும் அருச்சுனன் தவமும் கோயிற் சூழலிலேயே நிகழ்த்தப்படுகின்றன. கேட்போர் நோன்பேற்றுக் கதைக்குள் புகுகின்றனர். நேற்றுவரை வலையிழுத்த கால்கள் இறுதியில் தணலில் நடக்கின்றன.

முடிவை மாற்றவியலாத கதை எவ்வாறு ஊடாட்டக் கலையாகும் என்பர். 2012இல் விற்பனைக்கு வந்த ‘டியர் எஸ்தர்’ விளையாட்டில் ஸ்கொட்லாந்துத் தீவொன்றில் நடப்பதன்றி ஆடுவோனுக்கு வேறு வேலையில்லை. அதனைக் கலையென்போர் உடப்பைச் சடங்கென ஒதுக்குவது என்ன நியாயம்? 2020இல் இந்தியாவில் உருவான ‘ராஜி’ புராணங்களைச் சுவரோவியங்களாகக் காட்டிற்று. அழகுண்டு, மறுப்பதற்கில்லை, ஆனால் அவ்வோவியங்களின் அருகே நின்று கேட்பதோடு ஆடுவோன் பணி முடிகின்றது.

நமது தமிழ்த்துறைகளும் குற்றமற்றனவல்ல. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தைப் பேராதனை மேடைக்குக் கொணர்ந்தமை பெருந்தொண்டு. ஆயினும் வட்டக்களரியைச் சூழ்ந்து நின்றோர், மேடையின்முன் நாற்காலியிலமர்ந்து ஒரு பக்கமே நோக்கலாயினர். அவ்விழப்பை நாம் கணக்கிலெடுப்பதில்லை. பாடல்களையே பதிப்பித்து மகிழ்கின்றோம். உடப்பிலே கோயில் வாயிலுக்கும் தீக்குழிக்கும் எத்தனை அடி, கூட்டம் எப்பக்கம் நிற்கின்றது என்று அளந்து வரைய ஒரு மாணவனையேனும் அனுப்பிவிட்டு, அதன்பின் புதிய ஊடகம்பற்றிக் கருத்தரங்கு கூட்டலாம்.